இடப்பக்கக் கோடு

பிப்ரவரி 3

அன்பு நாத்தனாருக்கு,

இவ்விடம் நானும் உன் அண்ணனும் சுகமாக இருக்கிறோம். உன் சுகத்தையும் உன் வீட்டுக்காரர் சுகத்தையும் உன் கையெழுத்திலேயே படிக்க விரும்புகிறேன். தொலைபேசியில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ அடுத்ததைத் தொடங்கிவிடுகிறாய். ஆகவே முக்கியமானவற்றைக் கடிதத்தில் எழுதுவது என்ற நம் ஒப்பந்தத்தை நான் கைவிடுவதாக இல்லை.

முக்கியமான செய்தி இதுதான்: உன் அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நில அளவைத் துறையிலிருந்து ஓய்வு பெற்றதுமுதல் ஜன்னலோரமே கதியென்று கிடந்ததையும், சர்க்கரை ஏறிக்கொண்டே போனதையும், "உடம்பு அசையலைன்னா மாத்திரை மட்டும் ஒண்ணும் பண்ணாது" என்று மருத்துவர் கண்டித்ததையும் நீ அறிவாய். நடக்க அழைத்தால், "அளவுச் சங்கிலியப் புடிச்சுக்கிட்டு நான் நடந்த நடை ஏழு ஜென்மத்துக்குப் போதும்" என்று வாயை அடைத்துவிடுவார். அப்படிப்பட்டவரை எழுப்பியது பிக்கிள்பால் என்னும் விளையாட்டு.

அது இங்கு பரவும் வேகம் வியப்புக்குரியது. முன்பு தெருவுக்கு ஒருவர் ஆடினார். இப்போது ஆடாதவரைத் தேட வேண்டியிருக்கிறது. கையகல மட்டை, உடலெல்லாம் துளையுள்ள பிளாஸ்டிக் பந்து, டென்னிஸ் களத்தில் மூன்றில் ஒரு பங்கு இடம், நடுவே வலை. வலையை ஒட்டி இருபுறமும் உள்ள பகுதிக்குச் 'சமையலறை' என்று பெயர். அதனுள் நின்றுகொண்டு, தரையில் விழாத பந்தை அடிக்கக் கூடாது.

முதலில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள வெட்டவெளியில் ஆடினார்கள். காற்று பந்தைத் தன் விருப்பப்படி எடுத்துச் சென்றது. மழை பெய்தால் தரை வழுக்கியது. மட்டையின் 'டொக் டொக்' ஓசை பொறுக்காமல் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்தார்கள். இப்போது ஒரு பழைய மரச்சாமான் கிடங்கைச் சீர்செய்து உள்ளரங்கமாக்கிவிட்டார்கள். காற்றில்லை, கண்கூச்சமில்லை, மழைக்கும் வெயிலுக்கும் விடுமுறையில்லை. மெத்தென்ற தரை முழங்காலை வருத்துவதில்லை. எதிரொலி மட்டும் சற்று அதிகம். உன் அண்ணன் உரக்கப் பேசுபவராதலால் அவருக்கு அது குறையாகத் தெரியவில்லை.

பதிலை எதிர்நோக்கும்,
அண்ணி

*

பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் இருவரும் சௌக்கியம். உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். "அரசாணை மாதிரி இருக்கு, ஆனா புரியுது" என்றார். பாராட்டாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் எழுந்துவிட்டான் என்று படித்ததும் நாலு பேரிடம் சொல்லி மகிழ்ந்தேன். சமையலறைக்குள் நிற்காதே என்று சட்டம் போட்ட விளையாட்டா? அந்த ஒரு காரணத்துக்காகவே நானும் சேரலாம் போலிருக்கிறதே. அவனை மட்டும் விட்டுவிட்டு நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்து மெய்ப்புத் திருத்திக்கொண்டிருக்காதீர்கள். உங்களுக்கும் முட்டி இருக்கிறது.

எனக்குப் பூக்கடை வேன் ஓட்டும் வேலை வழக்கம்போல் ஓடுகிறது. தலைவலி அடிக்கடி வருகிறது. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன்.

அண்ணனிடம் என் அன்பைச் சொல்லுங்கள்.

சின்னவள்

*

மார்ச் 11

அன்பு நாத்தனாருக்கு,

உன் தலைவலி தீர்ந்ததா? கண்ணாடியை மாற்றினாயா? நாங்கள் குறைவின்றி இருக்கிறோம். சர்க்கரை இறங்கியிருக்கிறது. மருத்துவர் உன் அண்ணனின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

தினமும் காலையில் அரங்கம் திறக்குமுன் வாசலில் நிற்பவர் இவர்தான். பேக்கரிக்காரர், பல் டாக்டரம்மா, கார் ஓட்டக் கற்றுத்தரும் ஒருவர் ஆகியோர் இவருடைய கூட்டாளிகள். பழைய அலுவலகத்துப் பட்டப்பெயர் எப்படியோ இங்கும் வந்து சேர்ந்துவிட்டது; எல்லோருக்கும் இவர் 'சங்கிலி சார்'.

இவ்விளையாட்டின் ஒரு வழக்கத்தை உனக்குச் சொல்ல வேண்டும். இங்கு நடுவர் கிடையாது. நம் பக்கத்தில் விழும் பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பதை நாமே கூற வேண்டும். எதிரணி அதை ஏற்றுக்கொள்ளும். ஐயமிருந்தால் பந்து உள்ளே விழுந்ததாகவே கொள்ள வேண்டும். ஜோடியில் ஒருவர் 'வெளியே' என்று கூறி மற்றவர் 'உள்ளே' என்று கூறினாலும் உள்ளேதான், புள்ளி எதிரணிக்கு. மனிதரை நம்பி அமைக்கப்பட்ட இவ்விதி என்னைக் கவர்ந்தது.

நிலத்தில் கோடு கிழித்தே வாழ்ந்தவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சேது? பேக்கரிக்காரர், "சங்கிலி சார் சொல்லிட்டாரா? அப்பீலே கிடையாது, அடுத்த பந்தப் போடுங்க" என்று சிரித்தபடி நகர்ந்துவிடுவார்.

குறையென்று ஒன்றிருந்தால் அரங்கத்தின் கதவுதான். அதன் இடப்புற நிலையில் இவர் தோள் தினமும் இடிக்கிறது. "எந்த ஆசாரி வச்ச நிலை இது?" என்று இவரும் தினமும் கேட்கிறார்.

நானும் மட்டை பிடித்துவிட்டேன். உறுப்பினர்களுக்கான ஜோடிப் போட்டி மே மாதம் நடைபெறுகிறது. "வேற யாரையும் நம்ப முடியாது, நீயே வா" என்று இவர் என்னை அழைத்தார். அழைப்பின் சொல்லமைப்பில் குறை காணாமல் ஏற்றுக்கொண்டேன்.

அன்புடன்,
அண்ணி

*

மார்ச் 30

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லாம் நல்லபடியாகவே போகிறது. நீங்களும் அண்ணனும் ஒரே பக்கம் நின்று ஆடும் காட்சியைக் கற்பனை செய்து பார்த்தேன். வலை தாண்டிப் போகும் பந்தைவிட உங்களுக்குள் போய்வரும் பேச்சே அதிகமாக இருக்கும். கடவுள் எதிரணியைக் காப்பாற்றட்டும்.

நான் வேன் ஓட்டுவதை விட்டுவிட்டேன். கடைக்குள்ளேயே பூங்கொத்து கட்டும் வேலைக்கு மாற்றிக்கொண்டேன். பெரிதாக ஒன்றுமில்லை, அலைச்சல் வேண்டாமென்றுதான்.

அண்ணன் இப்படியே சந்தோஷமாக இருக்கட்டும். அவன் மனம் கலையும்படி எதுவும் நடக்கக் கூடாது.

சின்னவள்

*

ஜூன் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறீர்களா? ஏப்ரல் போய் மே போய்விட்டது, உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. போட்டி என்ன ஆயிற்று? அண்ணனுக்கு போன் செய்தால், "எல்லாம் இருக்கோம், வச்சிடட்டுமா" என்கிறான். உங்களைக் கூப்பிடச் சொன்னால் நீங்கள் குளிக்கிறீர்கள் என்கிறான். எப்போது கூப்பிட்டாலும் குளிக்கிறீர்கள். இவ்வளவு சுத்தம் எந்த வீட்டிலும் கேள்விப்பட்டதில்லை.

ஜெயித்தாலும் தோற்றாலும் எழுதுங்கள்.

சின்னவள்

*

ஜூன் 15

அன்பு நாத்தனாருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். பதில் தாமதித்தமைக்கு மெய்ப்புத் திருத்தும் வேலை மிகுந்ததே காரணம்.

போட்டியில் இரண்டாம் சுற்றில் தோற்றோம். ஒரு பந்தைக் குறித்து எங்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. அது விளையாட்டுக்கு உரிய விஷயம். அதற்கு மேல் எழுதத் தக்கதன்று.

அரங்கத்தில் புதிய விளக்குகள் பொருத்தியிருக்கிறார்கள். நிழல் விழாத சீரான வெளிச்சம். வெளியே அனல் வீசும் இந்நாட்களில் அதன் அருமை தெரிகிறது. இடம் பதிவு செய்ய முன்கூட்டியே சொல்ல வேண்டியிருக்கிறது, அத்தனை கூட்டம். நான் வாரத்தில் சில நாட்கள் போய் வருகிறேன்.

உன் அண்ணன் தற்போது ஓய்வில் இருக்கிறார். நாற்காலியில் அமர்ந்து செய்தித்தாள் வாசிக்கிறார். தேநீரை அவருடைய இடக்கைப் பக்கம் வைத்துவிட்டு வருகிறேன். ஆறிப்போன பிறகும் அது அங்கேயே இருக்கிறது. அது அவர் விருப்பம்.

உன் வீட்டுக்காரருக்கு என் வணக்கம்.

அண்ணி

*

ஜூன் 27

அன்புள்ள அண்ணிக்கு,

உடம்பு எங்களுக்குப் பரவாயில்லை. உங்களைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை, அண்ணன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். நேற்று அரைமணி நேரம் பேசினான். "அத்தனை பேருக்கு முன்னாடி என்னைப் பொய்யனாக்கிட்டா. எதிர்ல நின்னவங்களே ஒத்துக்கிட்டாங்க. கூட நின்னவதான் ஒத்துக்கல" என்றான். இதற்கு முன் அவன் குரல் உடைந்து நான் கேட்டதே இல்லை.

போட்டி முடிந்ததிலிருந்து ஒரு வார்த்தை உங்களிடம் பேசவில்லையாம். நீங்களும் வாய் திறக்கவில்லையாம். சர்க்கரை மறுபடி ஏறிவிட்டதாம். இதையெல்லாம் எழுதத் தக்கதன்று என்று எழுதியிருக்கிறீர்களே, எப்படி அண்ணி?

ஒரு பிளாஸ்டிக் பந்து உள்ளே விழுந்தால் என்ன, வெளியே விழுந்தால் என்ன? "எனக்குச் சரியாத் தெரியல, தப்பாச் சொல்லிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவன் மறுநாளே மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான். அவன் எழுந்து நடமாடுவது உங்கள் ஒரு சொல்லில் இருக்கிறது.

நான் அவன் தங்கை. அவன் பக்கம்தான் பேசுவேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சின்னவள்

*

ஜூலை 12

அன்பு நாத்தனாருக்கு,

நான் நலம். உன் அண்ணனின் நலம் குறித்து அவரிடமிருந்தே அறிகிறாய் என்பதால் நான் எழுதுவது மிகை.

நீ கேட்டுக்கொண்டபடி கூற இயலாது. எனக்குச் சரியாகத் தெரிந்தது. ஆட்டம் சமநிலையில் இருந்தது. அவர் களத்தின் இடப்பாதியில் நின்றார், நான் வலப்பாதியில். பல் டாக்டரம்மா அடித்த பந்து அவருக்கு இடப்புறம் கோட்டுக்கு நன்றாக உள்ளே விழுந்தது. ஒரு முழம் உள்ளே. அவர் மட்டையை நீட்டக்கூட இல்லை. "வெளியே" என்று கையை உயர்த்தினார். டாக்டரம்மா தன் ஜோடியைப் பார்த்தார். பேக்கரிக்காரர் தரையைப் பார்த்தார். மரியாதை காரணமாக இருவரும் அடுத்த பந்துக்கு நகர்ந்தார்கள். அதை என்னால் தாங்க முடியவில்லை. "உள்ளே" என்றேன்.

"என்ன சொன்ன?" என்று கேட்டார்.

"உள்ள விழுந்துச்சுங்க" என்றேன்.

மட்டையைப் பெஞ்சில் வைத்துவிட்டு வெளியேறினார். போகும்போது கதவு நிலையில் தோள் இடித்தது. அன்று அவர் ஆசாரியை ஏசவில்லை.

அதே கோட்டருகே அதற்கு முன்பும் உள்ளே விழுந்த பல பந்துகளை அவர் 'வெளியே' என்றிருக்கிறார். வலப்பக்கக் கோட்டில் அவர் தீர்ப்பு ஒருமுறையும் பிசகியதில்லை. இடப்பக்கம் மட்டும் ஏன் அவ்வாறு கூறுகிறார் என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணத்தை எழுத என் கை வரவில்லை. அவருடன் வாழ்கிற எனக்கு அது மகிழ்ச்சி தரும் காரணமன்று.

வீட்டில் பேச்சு நின்றுவிட்டாலும் செய்தி நிற்கவில்லை. மேல்வீட்டுக்காரர் வந்தால், "குழாய் ஒழுகுதுன்னு சொல்லிடுங்க" என்று உன் அண்ணன் என்னருகில் நின்றே அவரிடம் கூறுகிறார். மேல்வீட்டுக்காரர் என்னைப் பார்த்து, "குழாய் ஒழுகுதாம்மா" என்கிறார். அந்த நல்ல மனிதர் இப்போது வருவதைக் குறைத்துக்கொண்டார்.

அண்ணி

*

ஜூலை 19

அண்ணிக்கு,

சௌக்கியம் விசாரிக்க நேரமில்லை. உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பிறகு பழைய கடிதங்களையும் எடுத்துப் படித்தேன். கதவு நிலை இடப்பக்கம். ஆறிப்போன தேநீர் இடப்பக்கம். பந்து இடப்பக்கம்.

அண்ணி, அவனுக்கு அந்தப் பக்கம் தெரியவில்லை.

மார்ச்சில் கண்ணாடி மாற்றப் போனபோது என்னைப் பெரிய கண் மருத்துவரிடம் அனுப்பினார்கள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஓரத்திலிருந்து பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போகிற நோய். வலிக்காது, சிவக்காது. போன இடம் கறுப்பாகவும் தெரியாதாம்; மூளையே எதையாவது போட்டு நிரப்பிக்கொள்ளுமாம். அதனால்தான் நான் வேன் ஓட்டுவதை விட்டேன். காலையும் இரவும் சொட்டு மருந்து போடுகிறேன்.

இது குடும்பத்தில் வரும், கூடப் பிறந்தவர்களைக் கட்டாயம் பரிசோதிக்கச் சொல்லுங்கள் என்றார் மருத்துவர். சொல்லியிருக்க வேண்டும். அப்போதுதான் அவன் நாற்காலியை விட்டு எழுந்திருந்தான். இதைச் சொன்னால் திரும்பப் போய் உட்கார்ந்துவிடுவான் என்று பயந்தேன். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன்.

இது உங்கள் கைக்கு வந்து சேரும் நாளில் அவனை போனில் கூப்பிட்டு என் கதையைச் சொல்லப் போகிறேன். கிளம்பினால் தனியாக விடாதீர்கள்.

உங்களைத் திட்டி எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள்.

சின்னவள்

*

ஆகஸ்ட் 9

அன்பு நாத்தனாருக்கு,

உன் கண்கள் எவ்வாறு உள்ளன? சொட்டு மருந்தைத் தவறாமல் இடுகிறாயா? இந்தக் கேள்விகளுக்கு மழுப்பாமல் பதில் எழுத வேண்டும். என்னிடம் மறைத்ததைப் பற்றி நான் உன்னுடன் சண்டையிடப் போவதில்லை. நானும் ஒன்றை எழுதாமல் விட்டவள்தான்.

நீ பேசிய மறுநாள் காலை உன் அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். கைப்பையை எடுத்துக்கொண்டு உடன் சென்றேன்.

கண் மருத்துவமனையில், அரையிருட்டான அறையில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்தது போன்ற கருவிக்குள் முகத்தை வைக்கச் செய்தார்கள். ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். நான் பின்னால் அமர்ந்திருந்தேன். இவர் அழுத்திக்கொண்டே இருந்தார். பிறகு நெடுநேரம் அழுத்தவில்லை. சோதனை முடிந்துவிட்டது என்று நான் எண்ணினேன். முடியவில்லை, புள்ளிகள் வந்துகொண்டுதான் இருந்திருக்கின்றன.

முடிவைத் தாளில் அச்சிட்டுத் தந்தார்கள். பார்வை உள்ள இடம் வெள்ளையாகவும் இழந்த இடம் கறுப்பாகவும் இருந்தது. மருத்துவர் விளக்கத் தொடங்குமுன் இவர் அதை வாங்கி, நிலத்தின் புலப்படம் பார்ப்பவரைப் போல் மேசையில் விரித்து, விளிம்பை விரலால் தொட்டுத் தொட்டுச் சென்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு இடம் போயிருக்கு. எனக்குத் தெரியவே இல்லையே" என்றார்.

போட்டிக்குப் பின் அவர் என்னிடம் பேசிய முதல் சொற்கள் அவை.

இழந்தது திரும்பாது, எஞ்சியிருப்பதைக் காக்கலாம் என்று மருத்துவர் உறுதியளித்தார். விளையாடலாமா என்று கேட்டேன். "தாராளமா. ஆனா வெட்டவெளி வேண்டாம். வெயில்ல பந்து கண்ணுக்கே தெரியாது. உள்ள சீரான வெளிச்சத்துல ஆடட்டும், இடப்பக்கம் நீங்க நில்லுங்க" என்றார்.

பேருந்தில் திரும்பும்போது இவர் என்னிடம் ஒன்று கேட்டார். உண்மையைக் கூறினேன். அதை இங்கு எழுதுவதற்கில்லை.

உன் கண்களைக் காத்துக்கொள்.

அண்ணி

*

ஆகஸ்ட் 28

சின்னவளுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இருவரும் நலம். உன் கண் பற்றி எழுது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. துறையில் அறிக்கைதான் எழுதியிருக்கிறேன். அண்ணி எழுதச் சொல்லவில்லை. அவள் இப்போது கடைக்குப் போயிருக்கிறாள்.

பேருந்தில் நான் கேட்டது என்ன என்பதை அவள் உனக்கு எழுதவில்லை என்று சொன்னாள். நீ தெரிந்துகொள்ள வேண்டும். "இத்தனை மாசமா என்னைப் பத்தி என்ன நெனச்சுக்கிட்டிருந்த?" என்று கேட்டேன். மழுப்புவாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஜெயிக்கிறதுக்காகப் பொய் சொல்றீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

எப்போதிலிருந்து என்றேன். ஏப்ரலிலிருந்து என்றாள்.

கோபம் வந்தது. எத்தனை பேருடைய எல்லையை அளந்து கொடுத்தவன். ஒரு நாள் ஒருவன் சொல்லுக்கு வளைந்ததில்லை. வீட்டுக்குள்ளேயே இப்படி ஒரு பெயரோடு இருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் யோசித்தேன். ஏப்ரல் முழுக்க, மே மாதப் போட்டி வரை என்னோடு ஆட வந்தவள் இவள். பேக்கரிக்காரரும் டாக்டரம்மாவும் சங்கிலி சார் சொன்னால் சரி என்று நம்பி ஆடினார்கள். இவள் நம்பாமலேயே தினமும் வந்து என் பக்கத்தில் நின்றிருக்கிறாள். ஒரு காலையாவது வரமாட்டேன் என்றதில்லை. முகம் சுளித்ததாகவும் ஞாபகமில்லை.

தெருமுனையில் நின்று கேட்டேன். "பொய்யன்னு நெனச்சுக்கிட்டே எதுக்குக் கூட வந்து ஆடின?"

அவள் கைப்பையில் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வேற யாரோட ஆடுறது?" என்றாள்.

அண்ணன்